பாடலுக்குப் பின் வந்த இருபத்தேழு ஆண்டுகள்
வில்லியம் கூப்பரைப் பற்றிய ஒரு மறுசிந்தனை

நமது பிரசங்க மேடைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் உதாரணக் கதைகளுள் ஒன்று வருமாறு: ஆங்கிலக் கவிஞர் ஒருவர் மனச்சோர்வு மிகுந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துடன் இரவில் ஒரு வாடகை வண்டியில் ஏறிப் புறப்பட்டார். மூடுபனியில் வழி தவறிய வண்டிக்காரன் நெடுநேரம் சுற்றியபின் அவரை அவருடைய வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். இதில் தேவனுடைய கரத்தைக் கண்ட கவிஞர், அவருடைய மறைவான வழிகளைப் போற்றும் புகழ்பெற்ற கீதத்தை அன்றிரவே எழுதினார். கதை இங்கே முடிகிறது. சபையார் கண்ணீர் துடைக்கின்றனர். பிரசங்கியார் விசுவாசத்தின் வெற்றியைப் பற்றிப் பேசி முடிக்கிறார்.

நாமும் இக்கதையைச் சொல்லியிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சேகரத்தில் லெந்து நாள் கூட்டமொன்றில் இதைச் சொன்னோம். ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் சபை மூப்பர் ஒருவர் வாசலண்டை காத்திருந்து, "ஐயா, அந்தப் பாட்டை எழுதின பிறகு அவருக்குச் சுகமாகிவிட்டதா?" என்று கேட்டார். "விசுவாசித்தவர் சுகமடையாமல் இருப்பாரா?" என்று நாம் சிரித்துக்கொண்டே விடையளித்தோம். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பல மாதங்களாக உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வீட்டாரிடமும் பேச்சுக் குறைந்து வாழ்ந்துவந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அதன்பின் அவர் ஆலயத்திற்கு வருவதும் நின்றுபோயிற்று. நாம் அவருக்குக் கொடுத்த விடை உண்மையன்று. கூப்பருக்குச் சுகமாகவில்லை.

இக்கட்டுரை அந்தத் தவறான விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியாகும். கூப்பரின் கதையை நாம் எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதும், நிறுத்திய இடத்திற்குப் பின் வந்த ஆண்டுகள் இறைப்பணியாளராகிய நமக்கு என்ன கற்பிக்கின்றன என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

1. கதையும் வரலாறும்

வில்லியம் கூப்பர் 1731இல் இங்கிலாந்தின் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். சிறுவயதுப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானார். சட்டம் பயின்று 1754இல் வழக்கறிஞரானார். அந்த இளமைக் காலத்திலேயே ஆழ்ந்த மனச்சோர்வு ஒருமுறை அவரைப் பற்றி நீங்கிற்று. 1763இல் பிரபுக்கள் சபையில் அவருக்கு ஒரு பதவி கிடைக்கவிருந்தது. அதற்காகச் சபைமுன் தேர்வுக்கு நிற்க வேண்டும் என்ற அச்சம் அவருடைய மனத்தை முற்றிலும் குலைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். வாடகை வண்டியில் சென்று திரும்பிய நிகழ்ச்சி இக்காலத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அவரே எழுதிவைத்து 1816இல் அச்சேறிய தன்வரலாற்றில் மூடுபனியும் இல்லை, வழி தவறிய வண்டிக்காரனும் இல்லை, அன்றிரவு எழுதப்பட்ட கீதமும் இல்லை.

அவ்வாண்டு இறுதியில் அவர் புனித ஆல்பன்ஸ் நகரில் நத்தானியேல் காட்டன் என்னும் மருத்துவரின் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். காட்டன் பக்தியுள்ளவர், நோயாளிகளைக் கனிவோடு நடத்தியவர். பல மாத மருத்துவப் பராமரிப்புக்குப் பின், 1764இல் கூப்பர் திருமறையைத் திறந்து ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கிறிஸ்துவின் பிராயச்சித்த பலியைக் குறித்து வாசித்தபோது அவருக்கு ஆறுதல் பிறந்தது. இதனை அவருடைய மனந்திரும்புதல் என்கிறோம்; சரியே. ஆனால் அந்த வசனம் அவரை ஒரு மருத்துவருடைய வீட்டில், மருத்துவருடைய கவனிப்பின்கீழ்ச் சந்தித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும்.

1765இல் அங்கிருந்து வெளிவந்தவர் அன்வின் என்னும் குருவானவரின் குடும்பத்தோடு தங்கினார். 1767இல் அன்வின் விபத்தில் இறந்தபின், அவருடைய மனைவி மேரி அன்வின் அம்மையாரும் கூப்பரும் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஊழியம் செய்தவர், முன்னாளில் அடிமை வணிகக் கப்பலின் தலைவராயிருந்து மனந்திரும்பிய ஜான் நியூட்டன். இருவரும் சேர்ந்து எழுதிய ஓல்னி கீதங்கள் 1779இல் வெளிவந்தன. அதிலுள்ள 348 கீதங்களில் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி நமது சபைகள் தமிழில் பாடிவரும் கீதமும் அவருடையதே.

ஆனால் நூல் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1773 ஜனவரியில், கூப்பர் மீண்டும் நோயுற்றார். தேவனுடைய மறைவான வழிகளைப் பற்றிய கீதம் இந்நோய்க்குச் சற்றுமுன் எழுதப்பட்டதென்பது பொதுவான கருத்து. அப்படியானால் அக்கீதம் புயலுக்குப் பின் பாடப்பட்ட நன்றிப் பாடலன்று. புயல் அடிக்கத் தொடங்கும் வேளையில் எழுந்த குரலாகும். அடுத்த மாதம் அவர் ஒரு கனவு கண்டார். தாம் அழிந்துபோனதாக, தேவனால் முற்றிலும் தள்ளப்பட்டதாக அக்கனவில் கேட்ட சொல்லை அவர் இறுதிவரை நம்பினார். ஜெபிக்கவும் ஆலயத்திற்குச் செல்லவும் தமக்கு உரிமையில்லை என்று கருதினார். 1800 ஏப்ரல் 25 அன்று இறக்கும்வரை, இருபத்தேழு ஆண்டுகள், இந்த எண்ணம் சில நாட்கள் தணிந்ததுண்டேயன்றி நீங்கவில்லை. நமது பிரசங்கங்கள் இந்த இருபத்தேழு ஆண்டுகளை விட்டுவிடுகின்றன.

2. சமயமே நோய்க்குக் காரணமா?

இதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு கதை உண்டு. நியூட்டனின் கால்வினியப் போதனையே ஒரு மென்மையான கவிஞரைப் பித்தராக்கிற்று என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே எழுதிவந்திருக்கின்றனர். சமயத்தின்மேல் வெறுப்புள்ளோர்க்கு இது வசதியான விளக்கம். ஆனால் கால வரிசை இதற்கு இடந்தரவில்லை. கூப்பரின் முதல் இரு நோய்களும் அவர் நியூட்டனைச் சந்திப்பதற்கு முன்பே, சுவிசேஷப் பக்தி இயக்கத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்படுவதற்கு முன்பே வந்தவை. சமயம் அவருடைய நோயை உண்டாக்கவில்லை.

எனினும் இவ்வளவில் நாம் நிம்மதியடைந்துவிடலாகாது. நோய் தனக்கு வேண்டிய சொற்களைச் சுற்றிலும் உள்ள பேச்சிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தெரிந்துகொள்ளப்பட்டோர், தள்ளப்பட்டோர் என்ற பேச்சு நிறைந்த சூழலில் கூப்பரின் சோர்வு, 'நான் தள்ளப்பட்டவன்' என்ற வடிவம் பெற்றது. நமது சபைகளில் அதே சோர்வு, 'எனக்கு விசுவாசமில்லை. ஆகையால் ஜெபம் கேட்கப்படவில்லை' என்ற வடிவம் பெறுகிறது. நோயை நாம் உண்டாக்கவில்லை என்பது மெய்யாயினும், அது பேசுகிற மொழியை நாம் கொடுத்திருக்கிறோமா என்ற கேள்விக்கு நாம் தப்ப முடியாது. மேலே கண்ட மூப்பருக்கு நாம் கொடுத்தது அப்படிப்பட்ட சொல்லே.

நியூட்டனைப் பற்றியும் இருபுறமும் சொல்லவேண்டும். 1773இல் கூப்பர் குருமனைக்கு வந்து, தம் வீட்டிற்குத் திரும்ப மறுத்தபோது, ஓராண்டுக்கு மேல் அவரையும் மேரி அம்மையாரையும் நியூட்டன் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். அதற்காக அவர் பட்ட இடுக்கண்கள் சிறியவையல்ல. அவருடைய போதனையைவிட அந்த விருந்தோம்பலே அவர் செய்த சிறந்த ஆயர் பணி எனலாம். ஆனால் 1786இல், கூப்பர் அயலாராகிய திராக்மார்ட்டன் என்னும் ரோமச் சபைக் குடும்பத்தாரோடு மகிழ்ந்து பழகத் தொடங்கியபோது, அதனை உலகப்பிரகாரமான போக்கு என்று கருதிக் கண்டித்து எழுதினார். தனிமையில் உழன்ற ஒருவருக்குக் கிடைத்த நல்ல அயலாரைக் காண நியூட்டனின் கண்கள் தவறிவிட்டன. பக்தியுள்ள ஆயர் செய்யக்கூடிய தவறு இது, நமக்கும் அந்நியமானதன்று.

3. முயல்களும் வெள்ளரிக்காயும்

இனி அந்த இருபத்தேழு ஆண்டுகளுக்கு வருவோம். தேவனால் கைவிடப்பட்டதாக நம்பிய ஒருவர் எவ்வாறு அத்தனை காலம் வாழ்ந்தார்?

1774இல் அயல்வீட்டுப் பிள்ளைகள் வளர்க்கத் தெரியாமல் வாடவிட்ட ஒரு முயல்குட்டியைக் கூப்பர் ஏற்றுக்கொண்டார். செய்தி பரவி இன்னும் பல குட்டிகள் வந்து சேர்ந்தன; அவற்றுள் மூன்றை வைத்துக்கொண்டார். புஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டார். அவற்றுக்குத் தம் கையாலேயே மரக்கூடுகள் செய்தார். புஸ் நோயுற்றபோது அருகிலிருந்து பேணினார். அது குணமடைந்து அவர் கையை நக்கிற்று. இவற்றைப் பற்றி அவர் 1784இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். களைப்பூட்டாமல் மனத்தைத் தன்பால் ஈர்த்துவைக்கும் எந்த வேலையும் தமக்கு அப்போது ஏற்றதாயிருந்தது என்று அதில் விளக்குகிறார். மனச்சோர்வுற்றவர்க்கு எத்தகைய வேலை ஏற்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லுதல் அரிது. பெருமுயற்சி கேட்கும் வேலை அவரை மேலும் நொறுக்கும். வெறுமனே உட்கார்ந்திருத்தலோ எண்ணங்களுக்கு அவரை இரையாக்கும். பசித்த முயலுக்குத் தழை வைப்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. புஸ் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து 1786இல் முதுமையால் இறந்தது.

தச்சு வேலைக்குப்பின் தோட்டம் வந்தது. கண்ணாடிக் கூடாரத்தில் செடிகள் வளர்த்தார். வெள்ளரிக்காய் பயிரிடும் முறை அவருடைய நெடுங்கவிதையிலேயே இடம்பெற்றிருக்கிறது. படம் வரைந்தார், நாள்தோறும் உலாவினார், நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆங்கில மொழியின் மிகச் சிறந்த கடிதங்களுள் அவை வைத்து எண்ணப்படுகின்றன. மேரி அம்மையாரின் தூண்டுதலால் மீண்டும் கவிதை எழுதத் தொடங்கினார். முதல் நூல் 1782இல் வெளிவந்தது. அதே ஆண்டில், அவர் சோர்ந்திருந்த ஒரு மாலையில் ஆஸ்டின் அம்மையார் சொன்ன வேடிக்கைக் கதையே ஜான் கில்பின் என்னும் நகைச்சுவைப் பாட்டாயிற்று. எதைப்பற்றி எழுதுவது என்று கேட்டபோது, அறையிலிருந்த சாய்மெத்தையைப் பற்றி எழுதும்படி அந்த அம்மையாரே பணித்தார். அதிலிருந்து ஆறு காண்டங்களாக வளர்ந்து 1785இல் வெளிவந்ததே டாஸ்க், அதாவது 'இட்ட பணி', என்னும் பெருங்கவிதை. அதன்பின் ஹோமரின் காவியங்களை அன்றாடக் கடமைபோல் சிறிது சிறிதாக மொழிபெயர்த்து 1791இல் வெளியிட்டார். 1788இல் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் பாட்டுகளையும் எழுதினார். தம்மைத் தள்ளுண்டவராக நம்பியவர், மனிதரால் தள்ளுண்டவர்களுக்காகப் பேசினார்.

இவற்றைக் காணும் ஒருவர், 'அன்றாட நல்ல பழக்கங்களே மனச்சோர்வுக்கு மருந்து' என்று எளிதில் முடிவு கட்டிவிடலாம். தனிமையையும் சோர்வையும் வெல்லும் வழிகளை எண்ணிட்டுத் தரும் பக்தி நூல்கள் நமது புத்தகக் கடைகளில் நிறைய உண்டு: அதிகாலையில் எழும்புங்கள், உலாவுங்கள், வேதம் வாசியுங்கள், பிறருக்கு உதவுங்கள், சோர்வு ஓடிப்போகும். இந்த ஆலோசனைகளில் தவறில்லை. செயல்களைச் சிறிது சிறிதாகத் திட்டமிட்டு மீட்பதை இன்றைய மருத்துவமும் ஒரு சிகிச்சை முறையாகக் கையாளுகிறது. 'ஓடிப்போகும்' என்ற வாக்குறுதியே தவறு. கூப்பர் தோட்டத்தையும் உலாவுதலையும் ஹோமரையும் விடாமல் பற்றியிருந்த காலத்தில்தான், 1787இல், மீண்டும் நோய் தாக்கி ஆறு மாதங்கள் அவரைச் செயலிழக்கச் செய்தது. அவருடைய பழக்கங்களில் குறையொன்றும் இல்லை. நோய் நோயாகவே வந்தது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்பழக்கங்களில் பெரும்பாலானவை அவர் தனியே உறுதி பூண்டு உண்டாக்கிக்கொண்டவையல்ல; பிறர் அவருடைய வீட்டிற்குள் கொண்டுவந்து சேர்த்தவை. முயலைக் கொடுத்தவர் அயலார். கவிதைக்குத் தூண்டியவர் மேரி அம்மையார். கதை சொன்னவர் ஆஸ்டின் அம்மையார். கடைசி ஆண்டுகளில் அவரைத் தம்மோடு வைத்திருந்த இளம் உறவினர் ஜான் ஜான்சன், ஹோமரைப் பற்றிய நூல்களை அவர் அன்றாடம் கடந்துபோகும் அறையில் கண்ணில் படும்படி வைத்தார். வற்புறுத்தவில்லை, அறிவுரை கூறவில்லை. சில நாட்களில் கூப்பர் தாமாகவே நின்று பார்த்து, தம் மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையில் மீண்டும் இறங்கினார். ஆற்றுப்படுத்தும் பணிக்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நாம் அறியோம்.

4. இரண்டு கடல்கள்

கூப்பரின் கவிதைகளையே அருகருகே வைத்துப் பார்ப்போம். 1773இன் கீதத்தில் தேவன் கடலின்மேல் நடக்கிறவராகவும் புயலின்மேல் ஏறிச் செல்கிறவராகவும் காட்சியளிக்கிறார். 1799இல் எழுதிய அவருடைய கடைசி ஆங்கிலக் கவிதையாகிய 'காஸ்ட்அவே', அதாவது 'கைவிடப்பட்டவன்', மீண்டும் கடலைப் பாடுகிறது. ஆன்சன் தளபதியின் உலகப் பயணத்தில் புயலிடையே கப்பலிலிருந்து விழுந்த மாலுமி ஒருவனின் கதை அது. இக்கடலின்மேல் ஒருவரும் நடந்து வரவில்லை. புயலை அடக்கும் குரலும் கேட்கவில்லை. அந்த மாலுமியைவிட ஆழமான நீரில் தாம் மூழ்குவதாகக் கவிஞர் கவிதையை முடிக்கிறார்.

முதற்பாடலை மட்டும் பாடி இரண்டாவதை மறைப்பவர்கள் நாம். இரண்டாவதை மட்டும் காட்டி முதலாவதைப் பொய்யென்பவர்களும் உளர். ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார் என்பதைத் தாங்கிக்கொள்ள நமது இறையியலுக்கு வலிமை வேண்டும். திருமறைக்கு அவ்வலிமை உண்டு. சங்கீதப் புத்தகத்தில் எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளோடு முடிகிறது. பின்னர் எவரும் அதற்கு ஓர் அல்லேலூயாவை ஒட்டவைக்கவில்லை. மற்றப் புலம்பல்களைப் போல அது நன்றியாகத் திரும்பவுமில்லை. ஆயினும் அதுவும் இஸ்ரவேலின் பாடல் புத்தகத்தில் மற்றவற்றோடு சேர்த்துப் பாடப்பட்டது.

இவ்விரண்டிற்கும் இடையே, டாஸ்க் கவிதையின் மூன்றாம் காண்டத்தில் ஒரு பகுதி உண்டு. அதில் கூப்பர் தம்மை, அம்புகள் தைத்து மந்தையைவிட்டு விலகிய மானாகக் கூறுகிறார். சாவதற்கு நிழல் தேடிப் போன அந்த மானை, தாமும் அம்புகளால் காயப்பட்ட ஒருவர் கண்டு, அம்புகளைப் பிடுங்கிக் குணமாக்குகிறார். அவருடைய விலாவிலும் கைகளிலும் கால்களிலும் தழும்புகள் இருக்கின்றன. தாம் தள்ளப்பட்டவர் என்று நம்பிய ஆண்டுகளிலேயே கூப்பர் இதை எழுதினார். முன்பு பெற்ற அருளின் நினைவு அது என்பர் சிலர். அவ்வாறாயினும், தமக்கு இனி உரியதன்று என்று தாம் கருதிய அருளை அவர் மற்றவர்க்குப் பொய்யாக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது.

'காஸ்ட்அவே' கவிதையில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒரு செய்தியும் உண்டு. மாலுமியின் தோழர்களால் கப்பலைத் திருப்ப முடியவில்லை. ஆனால் பீப்பாயையும் கூண்டையும் கயிற்றையும் அவன் பற்றிக்கொள்ளும்படி கடலில் எறிகின்றனர். கவிஞர் அவர்களைப் பழிக்கவில்லை. கூப்பரின் தோழர்களும் அவரைக் கரைசேர்க்கவில்லை. முயலையும் கதையையும் ஹோமரையும் எறிந்தனர். கதையின் மாலுமி பற்றியிருந்தது சிறிது நேரம். கூப்பர் பற்றியிருந்தது இருபத்தேழு ஆண்டுகள்.

5. நமது பணிக்கு

ஆகவே, 'விசுவாசத்தாலும் நல்ல பழக்கங்களாலும் மனச்சோர்வை வெல்லலாமா?' என்று மாணவர்கள் நம்மைக் கேட்டால், வெல்லுதல் என்னும் சொல்லை முதலில் ஆராயும்படி கூறுவோம். வென்றவர்கள் உண்டு, அவர்களுக்காகத் தேவனைத் துதிப்போம். வெல்லாமலே தாங்கப்பட்டவர்களும் உண்டு; அவர்களுக்கும் நமது சுவிசேஷத்தில் இடம் வேண்டும்.

விசுவாசத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர். சுமந்து வந்தவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டதாகவே நற்செய்தியாளர் எழுதுகிறார். படுத்திருந்தவனிடம் அவர் விசுவாசக் கணக்குக் கேட்கவில்லை. ஜெபிக்க முடியாத கூப்பருக்காக மேரி அம்மையாரும் நியூட்டனும் ஜெபித்தனர். ஜெபிக்க முடியாத சபையாருக்கு 'இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்' என்பது, படுத்திருப்பவனையே படுக்கையைச் சுமந்துவரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

எலியாவின் வரலாறும் (1 இராஜாக்கள் 19) நமக்கு ஒழுங்கு கற்பிக்கிறது. சாகவேண்டுமென்று கேட்ட தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அடையும் தண்ணீரும்; மீண்டும் உறக்கமும் உணவும்; அதன்பின் நடை; அதன்பின்னரே மெல்லிய சத்தம்; முடிவில் ஒரு பணியும், எலிசா என்னும் தோழனும். நாமோ பலமுறை அடையைக் கொடுக்காமலே பிரசங்கத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

மருத்துவரிடம் அனுப்புவதை விசுவாசக் குறைவாகப் பேசும் வழக்கம் ஒழியவேண்டும். கூப்பரின் மனந்திரும்புதலே காட்டனின் வீட்டில் நிகழ்ந்தது என்பதை நினைவில் கொள்வோம். அவர் காலத்தில் இல்லாத மருந்துகளும் சிகிச்சைகளும் இன்று உண்டு. அவற்றால் பலர் நலம் பெறுகின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக அன்றி, கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதிப் பராமரிக்க வேண்டுமென்று நமது நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் இவ்வளவு இரக்கம் காட்டும்போது சபை அதனினும் குறைவாகக் காட்டலாகாது. 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒவ்வொரு குருமனையிலும் அது எழுதி வைக்கப்படவேண்டும். குருமனையில் வாழ்பவர்களுக்கும் அது தேவைப்படலாம்.

அந்த மூப்பரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவரை மீண்டும் ஆலயத்திற்குக் கொண்டுவந்தது நமது பிரசங்கமன்று. அவருடைய மகள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அடுத்த வயலுக்காரராகிய சபையார் ஒருவர், "அண்ணாச்சி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சணும், கூட வாங்க" என்று மாலைதோறும் அழைத்தார். அவருக்குத் துணை தேவையில்லை என்பதை ஊரே அறியும். பல மாதங்களுக்குப்பின் ஒரு ஞாயிறன்று மூப்பர் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். பாட்டு வேளையில் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார், பாடவில்லை. சபை பாடிற்று.

இப்போது அவர் வாசலண்டை நின்று அதே கேள்வியைக் கேட்பாராயின், நாம் இவ்வாறு விடையளிப்போம்: இல்லை, ஐயா, அவருக்கு முற்றிலும் சுகமாகவில்லை. ஆனால் அவரை யாரும் விட்டுவிடவில்லை. உங்களையும் நாங்கள் விடமாட்டோம். நாளைக்கு மருத்துவரிடம் போவோம்; நாங்களும் கூட வருகிறோம்.